பழைய வண்டிக்குப் புகை சர்டிபிகேட்: மெஷின் பார்ப்பது ஐட்லிங்கை மட்டும்தான்

பதினைந்து வருஷம் ஓடிய பைக் பொல்யூஷன் டெஸ்ட்டில் ஃபெயிலானால், பக்கத்தில் நிற்பவர் முதலில் சொல்வது "மெயின் ஜெட்டை மாத்துங்க". இன்னொருவர் நீடில் கிளிப்பை ஒரு படி இறக்கச் சொல்வார். இரண்டும் கார்ப்பரேட்டரில், வண்டி வேகமாக ஓடும்போது பெட்ரோலை அளந்து விடும் பாகங்கள். டெஸ்ட்டுக்கு இரண்டும் வீண் வேலை. பங்க்கில் இருக்கும் மெஷினுக்கு வண்டி அறுபதில் போகும்போது என்ன கக்குகிறது என்பது தெரியாது. நியூட்ரலில், ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், ஐட்லிங்கில் நிற்கும்போது சைலன்சரில் வருவதைத்தான் அது அளக்கிறது. அந்த நேரத்தில் மெயின் ஜெட் வழியாகப் பெட்ரோல் ஏறுவதே இல்லை. வேலை செய்வது பைலட் ஜெட் (ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளை), அதன் காற்று வழி, மிக்சர் ஸ்க்ரூ (காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவை மாற்றுவது). டெஸ்ட்டுக்காகச் செலவழிக்கும் நேரத்தில் பாதி இந்த மூன்றுக்கே போக வேண்டும்.

எந்த எண்ணுக்குள் வர வேண்டும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மெஷின் காட்டுவது இரண்டு: கார்பன் மோனாக்சைடு சதவீதத்தில், ஹைட்ரோகார்பன், அதாவது எரியாத பெட்ரோல், பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு). 2000 மார்ச் 31-க்கு முன் தயாரான டூவீலர் என்றால் 4.5 சதவீதம், 9000 பிபிஎம் வரை அனுமதி. அதற்குப் பின் வந்த ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குக்கு 3.5 சதவீதம், 4500 பிபிஎம். டூ ஸ்ட்ரோக்காக இருந்தால் அதே 3.5, ஆனால் 6000 பிபிஎம். ஒழுங்காக இருக்கும் ஒரு நூறு சிசி ஃபோர் ஸ்ட்ரோக் இந்த எல்லைக்கு ரொம்பவும் கீழேயே நிற்கும். 3.5-ஐத் தாண்டுகிறது என்றால் விதி கடுமை என்று அர்த்தமில்லை, பெட்ரோல் வீணாகிறது என்று அர்த்தம். மைலேஜும் ஏற்கெனவே குறைந்திருக்கும்.

இரண்டு எண்ணையும் சேர்த்துப் படித்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். கார்பன் மோனாக்சைடு ஏறி, ஹைட்ரோகார்பன் சுமாராக இருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. கார்ப்பரேட்டர், ஏர் ஃபில்டர், சோக் பக்கம் போங்கள். கார்பன் மோனாக்சைடு அரை சதவீதம்கூட இல்லாமல் ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறி நின்றால், பெட்ரோல் எரியாமலேயே வெளியே போகிறது. ப்ளக் விட்டுவிட்டு அடிக்கலாம், வால்வ் சரியாக உட்காராமல் இருக்கலாம், அல்லது மிக்சர் அளவுக்கு மீறி லீனாகி (பெட்ரோல் குறைந்து, காற்று கூடி) மிஸ்ஃபயர் ஆகலாம். இந்த இடத்தில்தான் பலர் தப்பு செய்கிறார்கள். ஃபெயில் என்றதும் ஸ்க்ரூவை இன்னும் லீன் பக்கம் திருகுவார்கள். ஹைட்ரோகார்பன் இன்னும் ஏறும். இரண்டுமே அதிகம் என்றால், ப்ளக்கே நனையும் அளவுக்கு ரிச்சாக (பெட்ரோல் கூடி, காற்று குறைந்து) ஓடுகிறது. ஆகவே ஃபெயில் ஆனால் "ஃபெயில்" என்ற சொல்லோடு திரும்பி வராதீர்கள், அந்த இரண்டு எண்ணையும் கேட்டு வாங்கி வாருங்கள்.

கார்ப்பரேட்டருக்கு முன் ஏர் ஃபில்டர்

அடைத்த ஃபில்டரோடு மிக்சர் ட்யூன் செய்தால், நாளை ஃபில்டர் மாற்றும்போது அந்த ட்யூனிங் செல்லாது. அதனால் ஃபில்டர்தான் முதல். ஸ்பாஞ்ச் ஃபில்டர் என்றால் மண்ணெண்ணெயிலோ சோப்புத் தண்ணீரிலோ கசக்கி, நிழலில் நன்றாகக் காயவைத்து, இன்ஜின் ஆயிலைச் சில சொட்டு விட்டுப் பிழிந்துவிட்டு மாட்டுங்கள். பிழியாமல் மாட்டினால் அந்த ஆயிலே காற்றை அடைத்து ரிச்சாக்கும். பேப்பர் ஃபில்டரில் இரண்டு வகை உண்டு. உலர்ந்த பேப்பரை உள்பக்கத்திலிருந்து வெளியே காற்றடித்துச் சுத்தம் செய்யலாம். தொட்டால் பிசுபிசுக்கும் ஆயில் பூசிய பேப்பரைக் காற்றடிக்கவே கூடாது, நேராகப் புதுசு போட வேண்டியதுதான். ஃபில்டர் பாக்ஸின் அடியில் ஒரு சின்ன டிரெயின் குழாய் இருக்கும். அதில் ஆயில் தேங்கியிருந்தால் பிரீதர் (இன்ஜினுக்குள் இருக்கும் ஆவி வெளியேறும் குழாய்) வழியாக ஆயில் ஆவி வருகிறது என்று அறிந்துகொள்ளுங்கள். ஆயில் அளவு குச்சியின் மேல் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். ரொம்ப நாள் மாற்றாத ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கும். இன்ஜின் சூடானதும் அந்தப் பெட்ரோல் ஆவியாகிப் பிரீதர் வழியாகத் திரும்ப உள்ளேயே போகும். டெஸ்ட்டுக்கு முன் ஆயில் மாற்றுவது மெக்கானிக் காசு பார்க்கச் சொல்லும் வேலை இல்லை, எண்ணில் நேராகத் தெரியும் வேலை.

அடுத்தது கார்ப்பரேட்டர். இறக்கிக் கழுவும்போது பைலட் ஜெட்டின் துளையைக் கண்ணால் பாருங்கள். ஜெட்டில் 38 என்று அடித்திருந்தால், கெய்ஹின் கார்ப்பரேட்டரில் அது சுமாராக 0.38 மி.மீ துளை. அவ்வளவு சின்னத் துளையில் கம்பியோ குண்டூசியோ விட்டுக் குத்தித்தான் நம் ஊரில் பாதிப் பேர் அடைப்பு எடுக்கிறார்கள். ஜெட்டின் பித்தளை மென்மையானது. துளை 0.42 ஆகத் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பரப்பு 22 சதவீதம் கூடிவிடும். அந்த அளவுக்குப் பெட்ரோலும் கூடுதலாக இறங்கும், அப்புறம் ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் பிடிக்காது. கார்ப்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டுக் காற்றடியுங்கள். அதற்கும் வழிவிடாவிட்டால் ஜெட்டை மாற்றுங்கள். வாங்கும்போது கம்பெனி ஜெட்டாகவே வாங்குங்கள். டூப்ளிகேட்டில் மேலே 38 என்று அடித்திருப்பான், உள்ளே என்ன அளவோ அவனுக்கே தெரியாது.

ஃப்ளோட் நீடிலின் (கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோல் வருவதை அடைக்கும் ஊசி) ரப்பர் முனையில் வளையமாகத் தடம் விழுந்திருந்தால் அது சரியாக அடைக்காது. ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் மட்டம் ஏறும், ஐட்லிங் ரிச்சாகும். சோதிக்க ஒரு சுலபமான வழி: இன்ஜினை நிறுத்தி, பெட்ரோல் டேப்பைத் திறந்து பத்து நிமிஷம் விடுங்கள். ஓவர்ஃப்ளோ குழாயில் ஒரு சொட்டு விழுந்தாலும் நீடிலும் சீட்டும் போய்விட்டன. எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபிறகு பழைய வண்டிகளில் இந்த ரப்பர் சாமான்கள் உப்பிப்போவது கூடியிருக்கிறது. ஓ-ரிங், கேஸ்கெட்டையும் சேர்த்துக் கிட்டாக மாற்றிவிடுவது நல்லது. சோக் லீவரை விட்டதும் உள்ளே தகடோ பிளஞ்சரோ முழுசாகத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். அரைகுறையாக மாட்டிய சோக் ஒன்றே ஃபெயிலாக்கப் போதும்.

ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகுவது

இதில் குழம்பாதவர் இல்லை. ஒரு வண்டியில் உள்ளே திருகினால் லீன், இன்னொன்றில் உள்ளே திருகினால் ரிச். ஸ்க்ரூ இருக்கும் இடத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். ஸ்லைடுக்கும் (ஆக்ஸிலேட்டரைத் திருகும்போது ஏறி இறங்கும் பிஸ்டன்) ஏர் ஃபில்டருக்கும் நடுவே இருந்தால் அது ஏர் ஸ்க்ரூ. உள்ளே போகப் போகக் காற்று குறையும், மிக்சர் ரிச்சாகும். ஆர்எக்ஸ் 100-இன் மிக்குனி கார்ப்பரேட்டர் இந்த வகை. ஸ்லைடுக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருந்தால் அது பெட்ரோல் ஸ்க்ரூ. உள்ளே போகப் போகப் பெட்ரோல் குறையும், மிக்சர் லீனாகும். பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளிப் பெரிய தலையோடு ஸ்லைடைத் தூக்கிப் பிடிக்கும் ஸ்க்ரூ வேறு. அது ஐட்லிங் வேகத்துக்கானது.

வண்டியை எட்டு, பத்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கிவிட்டு ஆரம்பியுங்கள். மிக்சர் ஸ்க்ரூவை விரல் நுனி பலத்தில் கடைசிவரை உள்ளே கொண்டுபோய் விடுங்கள். இறுக்கினால் ஊசி முனை சீட்டில் தடம் பதித்துவிடும், அப்புறம் அந்தக் கார்ப்பரேட்டர் ஜென்மத்துக்கும் ட்யூன் ஆகாது. அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து, ஐட்லிங்கை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். இனி கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஐந்தாறு விநாடி காது கொடுங்கள். ஒரு இடத்தில் சத்தம் சீராகி வேகம் உச்சத்துக்கு வரும். அந்த இடம் ஓட்டுவதற்கு நல்ல இடம், ஆனால் டெஸ்ட்டுக்குக் கொஞ்சம் ரிச். அங்கிருந்து லீன் பக்கமாக அரைக்கால் சுற்று, அதாவது எட்டில் ஒரு பங்கு, திருப்பினால் வேகம் லேசாக இறங்கும். நிறுத்திக்கொள்ளுங்கள். இப்போது ஸ்லைடு ஸ்க்ரூவால் ஐட்லிங்கைக் கம்பெனி சொன்ன அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஸ்ப்ளெண்டர் போன்ற நூறு சிசி வண்டிக்கு அது 1400 ஆர்பிஎம், நூறு கூடலாம், நூறு குறையலாம்.

சரியான இடம் ஒன்றுக்கும் இரண்டரைச் சுற்றுக்கும் நடுவே கிடைத்தால் நல்லது. பெட்ரோல் ஸ்க்ரூவை முழுக்க மூடினாலும் வண்டி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால், பெட்ரோல் வேறு வழியில் வருகிறது: தேய்ந்த பைலட் ஜெட், ஏறிய ஃப்ளோட் மட்டம், அல்லது நீள்வட்டமாகத் தேய்ந்த நீடில் ஜெட். நான்கு சுற்று எடுத்தும் சத்தம் மாறவில்லையென்றால் பைலட் வழி அடைப்பு, இல்லாவிட்டால் கார்ப்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள ரப்பர் வெடித்துத் திருட்டுக் காற்று இழுக்கிறது. ஓடும்போது அந்த ரப்பரைச் சுற்றிக் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். ஐட்லிங் சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான்.

ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தால் இதெல்லாம் எழுதி வைத்தது போலத் தெரியும். உலர்ந்த கறுப்புக் கரி என்றால் ரிச். எண்ணெய்ப் பசையோடு கறுப்பு என்றால் ஆயில் ஏறுகிறது. வெள்ளையாக வெந்திருந்தால் லீன். வெளிர் காப்பிப்பொடி நிறம்தான் வேண்டும். பழைய ப்ளக்கைத் தேய்த்து இடைவெளி வைத்துக்கொண்டிருக்காமல் புதுசு போடுங்கள். ப்ளக் கேப்பின் உள்ளே ரெசிஸ்டர் இருக்கும், பெரும்பாலும் 5 கிலோ ஓம். மல்ட்டிமீட்டரில் அதைவிட எக்கச்சக்கமாகக் காட்டினால் கேப்பை மாற்றுங்கள். விளங்காத மிஸ்ஃபயர் பலவற்றுக்கு இந்தச் சின்ன ரப்பர் மூடிதான் காரணம்.

டேப்பட் (வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே விடும் இடைவெளி) விஷயத்தில் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. "சத்தம் வருது" என்று கஸ்டமர் சொல்வார், சத்தமே வராத அளவுக்கு இறுக்கிவிடுவார்கள். இன்ஜின் சூடானதும் எக்ஸாஸ்ட் வால்வ் முழுசாக மூடாது, கம்ப்ரஷன் கசியும், ஹைட்ரோகார்பன் ஏறும், நாளடைவில் வால்வே கருகும். இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது, மேக்னெட்டோவின் டி குறியை நேராக வைத்து, ராக்கர் இரண்டும் ஆடுகிறதா என்று உறுதிசெய்துகொண்டு, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு வையுங்கள். அளவு மாடலுக்கு மாடல் மாறும், மேனுவலில் இருப்பதுதான் கணக்கு. லேசான டிக் டிக் சத்தம் ஆரோக்கியமே.

2000-க்குப் பிந்திய பல ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குகளில் ஹெட்டிலிருந்து ஒரு ரப்பர் குழாய் சின்ன டப்பா ஒன்றுக்குப் போகும். எக்ஸாஸ்ட்டுக்குள் புதுக் காற்று விட்டு மிச்சப் பெட்ரோலை எரிக்கும் ஏற்பாடு அது. "இது எதுக்கு, சும்மா" என்று கழற்றி போல்ட் போட்டு அடைத்த வண்டிகள் ஊர் முழுக்க ஓடுகின்றன. திரும்ப மாட்டுங்கள். வேலை செய்கிறதா என்று பார்க்க, ஃபில்டர் பக்கக் குழாயைக் கழற்றி ஐட்லிங்கில் விரலை வையுங்கள். விட்டுவிட்டு மெல்ல உறிஞ்ச வேண்டும். சூடான புகை திருப்பி அடித்தால் உள்ளே இருக்கும் ரீட் வால்வ் போய்விட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் ஹைட்ரோகார்பன் இறங்கவில்லையென்றால் கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பாருங்கள். ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயிலை ப்ளக் துளை வழியாக விட்டு மறுபடி அளந்தால், எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை என்றால் வால்வ் சீல். முறுக்கும்போதெல்லாம் நீலப் புகை என்றால் ரிங், போர் வேலை. அதைக் கார்ப்பரேட்டரில் சரிசெய்ய யாராலும் முடியாது.

டூ ஸ்ட்ரோக்

டூ ஸ்ட்ரோக்கில் கொஞ்சம் புது மிக்சர் எரியாமல் எக்ஸாஸ்ட் போர்ட் வழியாக நழுவுவது பிறவிக் குணம். அதனால்தான் விதியிலேயே 6000 பிபிஎம் வரை விட்டிருக்கிறார்கள். நம் கையில் இருப்பது ஆயிலும் கரியும். சேத்தக் போன்ற ஸ்கூட்டருக்கு லிட்டருக்கு 20 மி.லி. போதும். "இன்ஜினுக்கு நல்லது" என்று 40 ஊற்றினால் நல்லதெல்லாம் சைலன்சரில்தான் படியும். ஜாசோ எஃப்சி தரம் என்று டப்பாவில் போட்ட 2டி ஆயிலை வாங்குங்கள், புகை குறைவான வகை. ஆயில் பம்ப் உள்ள வண்டியில், முறுக்கும்போது பம்ப் புல்லியில் (கேபிள் இழுக்கும் சக்கரம்) உள்ள குறி எதிர்க் குறியோடு சேர்கிறதா என்று கேபிளைச் சரிபாருங்கள்.

ஆர்எக்ஸ் சைலன்சரின் வாலில் உள்ள ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் உள்ளிருக்கும் குழாய் கையோடு வரும். துளைகள் கரியில் மூடியிருக்கும், எரித்தோ சுரண்டியோ திறங்கள். சிலிண்டரின் எக்ஸாஸ்ட் போர்ட்டிலும் கரி இருக்கும். பிஸ்டனைக் கீழே இறக்கிவைத்து மரக்குச்சியால் சுரண்டுங்கள், ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். கியர் ஆயில் குறைந்துகொண்டே வந்து, வெளியே எங்கும் ஒழுகவில்லை, புகை மட்டும் குறையவே இல்லை என்றால், கிளட்ச் பக்கத்து கிராங்க் ஆயில் சீல் வழியாக அந்த ஆயில்தான் எரிகிறது. மேக்னெட்டோ பக்கத்து சீல் போனால் நேரெதிர்: காற்று இழுக்கும், ஐட்லிங் ஏறி இறங்கி ஆடும். அதை லீன் ஸ்க்ரூவோடு ஓட்டினால் பிஸ்டன் பிடிக்கும். டூ ஸ்ட்ரோக்கை டெஸ்ட்டுக்காக ரொம்ப லீன் வைக்காதீர்கள், பெட்ரோலோடுதான் ஆயிலும் போகிறது.

கார்

காரில் எல்லையே வேறு. பிஎஸ்-2 (பாரத் ஸ்டேஜ் எனும் புகை விதியின் இரண்டாம் படி) வருவதற்கு முந்தைய பெட்ரோல் காருக்கு 3 சதவீதம், 1500 பிபிஎம். பிஎஸ்-2, பிஎஸ்-3 என்றால் 0.5 சதவீதம், 750 பிபிஎம். பிஎஸ்-2 சென்னைக்கு 2001-லேயே வந்துவிட்டது, நாடு முழுக்க வந்தது 2005-ல். பெயர் மாருதி 800 என்றாலும் பிஎஸ்-2-க்கு முந்தைய கார்ப்பரேட்டர் வண்டிக்கும் பிஎஸ்-2 எம்பிஎஃப்ஐ (கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைத் தூவும்) வண்டிக்கும் கார்பன் மோனாக்சைடு எல்லையில் ஆறு மடங்கு வித்தியாசம். கார்ப்பரேட்டர் வண்டிக்கு மேலே சொன்னதெல்லாம் பொருந்தும், கூடவே டேஷ்போர்டு சோக் கேபிளும் டைமிங்கும் பார்க்க வேண்டும்.

எம்பிஎஃப்ஐ காரில் திருக ஒன்றுமில்லை. அங்கே முதல் சந்தேகம் தெர்மோஸ்டாட். "நம்ம ஊர் வெயிலுக்கு இது வேண்டாம்" என்று கழற்றி எறிந்திருப்பார்கள். இன்ஜின் சரியான சூட்டுக்கு வராது, கம்ப்யூட்டர் இன்னும் இன்ஜின் ஆறிக் கிடக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். டெம்பரேச்சர் முள் பாதிக்கு வராமல் கீழேயே நின்றால் இதுதான். அடுத்தது ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட்டில் ஓட்டை. வெளிக்காற்று புகுந்தால் சென்சார் லீன் என்று பொய் சொல்லும், கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். சைலன்சர் கேஸ்கெட் விலையில் முடியும் கோளாறுக்கு ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றியவர்கள் நிறைய. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் 300 டிகிரி அளவுக்குச் சூடானால்தான் வேலையே ஆரம்பிக்கும். ஆகவே கார் என்றால் பதினைந்து கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு நேராக டெஸ்ட்டுக்குப் போங்கள். வரிசையில் கால் மணி நேரம் ஐட்லிங்கில் நின்றுவிட்டால், உங்கள் முறை வந்ததும் ஒரு நிமிஷம் 2500 ஆர்பிஎம்மில் பிடித்துவிட்டுக் கொடுங்கள்.

டீசலில் அளப்பது கரும்புகையை. ஐட்லிங்கிலிருந்து பெடலை ஒரே மிதியாக மிதித்து உச்ச வேகம் வரை தூக்குவார்கள், பல தடவை. பிஎஸ்-4-க்கு முந்தைய வண்டிக்குப் புகையடர்த்தி எல்லை மீட்டருக்கு 2.45, ஹார்ட்ரிட்ஜ் எனும் இன்னொரு புகை அளவில் 65. ஏர் ஃபில்டர், டர்போ குழாய்களில் வெடிப்பு, நாசில் (டீசலை இன்ஜினுக்குள் தூவும் முனை) மூன்றையும் பாருங்கள். நாசிலைப் பம்ப் கடையில் டெஸ்டரில் போட்டால் பனிபோலத் தூவ வேண்டும், சொட்டினால் கரும்புகை நிச்சயம். டெஸ்ட்டுக்கு முன் இருபது நிமிஷம் ஒரு கியர் குறைத்து 3000 ஆர்பிஎம்முக்கு மேல் ஓட்டினால் சைலன்சரில் படிந்த கரி வெளியேறிவிடும். டைமிங் பெல்ட் மாற்ற வேண்டிய கிலோமீட்டர் தாண்டியிருந்தால் மாற்றிவிட்டுப் போங்கள். அந்த மிதியில் பெல்ட் அறுந்தால் சர்டிபிகேட் பேச்சே இருக்காது, ஹெட் பேச்சுதான்.

டெஸ்ட் எடுக்கும்போது குழாய் சைலன்சருக்குள் 300 மி.மீ. போக வேண்டும். பைக்கில் அவ்வளவு போகாவிட்டால் நீட்டிப்புக் குழாய் மாட்டி எடுக்க வேண்டும். முனையில் சொருகி எடுத்த எண் வெளிக்காற்று கலந்த எண், உங்கள் ட்யூனிங்கைப் பற்றி எதுவும் சொல்லாது. ஃபெயிலானால் காரணம் எழுதிய நிராகரிப்புச் சீட்டு கேளுங்கள். 2021-ல் வந்த விதிப்படி அதைத் தர வேண்டும். மெஷின் மேலேயே சந்தேகம் இருந்தால் அந்தச் சீட்டோடு வேறு சென்டருக்கும் போகலாம். பிஎஸ்-3 வரையுள்ள வண்டிக்குச் சர்டிபிகேட் ஆறு மாசம்தான் செல்லும், அதனால் பாஸான அன்று ஸ்க்ரூ எத்தனை சுற்றில் இருந்தது என்பதை டூல் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதிவையுங்கள்.